தேவகி படிக்காமல் விட்ட வரி

கண்கட்டிக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். வேறு யாருக்காவது வந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். கண்கட்டி எல்லாம் ஒரு நோயா? பிள்ளைத்தாச்சி பார்க்கப் பார்க்கத் தனியாகத் தின்றவளுக்கு வரும் என்பார்கள். நாமக்கட்டியைக் குழைத்துப் போட்டால் மூன்று நாளில் அமுங்கிவிடும் என்பார்கள். என் கண்ணுக்கும் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பியதில் தப்பில்லை, யாரை நம்பினேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு சுமக்கிறவள் நான். பெயர் அஞ்சலை. பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ் போர்டு, பொட்டலம் கட்டி வரும் பேப்பர், சுவரில் எழுதிய கட்சி விளம்பரம் என்று நானாகக் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்தவளுக்கே இப்படி நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் கட்டி கார்த்திகை மழையில் வந்தது. வலது கண்ணின் மேல் இமையில், ஓரமாக, ஒரு மிளகு அளவுக்கு. இமையை மூடித் திறந்தால் உள்ளே கருவேல முள் இருப்பதுபோல் வலி. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது என்பதால் வீட்டிலேயே கிடந்தேன். நாமக்கட்டி போட்டேன். உள்ளங்கையில் விரலைச் சூடு பறக்கத் தேய்த்து இமையில் ஒற்றினேன். அமுங்கியது. தை மாதம் அளத்தில் வேலை தொடங்கியதும் அதே இடத்தில் மறுபடியும் முளைத்தது. "போன விருந்தாளி சோத்து ருசியில திரும்பி வந்துட்டான்" என்று சொல்லி நானே சிரித்தேன்.

இந்தத் தடவை நாங்கள் செய்த வைத்தியம் உப்பளத்துக்காரர்கள் மட்டும் செய்கிற வைத்தியம். எங்களுக்கு எல்லா வலிக்கும் உப்புதான் மருந்து. இடுப்பு பிடித்தால் உப்பு, பல் வலித்தால் உப்பு. கையில் வெட்டுப்பட்டால் பாத்தித் தண்ணீரிலேயே நனைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்போம். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கண்ணுக்கு ஒற்றடம் கொடுத்தோம். கொடுத்தவள் தேவகி. மதியம் கஞ்சி குடித்ததும் மூன்று கல் கூட்டித் தீ மூட்டி, உப்பை வறுத்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் கண்ணில் வைப்பாள். இமைத்தோல் கறுத்துப்போனது. வலி குறைந்தது. கட்டி மட்டும் போகவில்லை.

தேவகி என் ஜோடி. எங்கள் அளத்தில் பெண்களுக்கு வேலை ஜோடி ஜோடியாகத்தான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சட்டி உப்பு வாருவார்கள். நிறைந்த சட்டியைத் தனியாகத் தலைக்குத் தூக்க முடியாது. ஒருத்தி தலையில் இன்னொருத்தி ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிடுகிறவள் அரை நொடி முன்னால் கையை விட்டால் சுமக்கிறவள் கழுத்து போயிற்று. ஜோடியில் ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவளுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. "ஒத்தச் செருப்ப வச்சிக்கினு நான் எங்கம்மா நடக்கிறது?" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். பதினான்கு வருஷம் என் தலையில் உப்பு ஏற்றியது தேவகியின் கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். எட்டாவது வரை படித்தவள்.

மாசிக் கடைசியில் அளத்து ஆட்களுக்காக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். பாண்டியில் இருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்கள். வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசாத ஆள் எங்களில் யார்? கூட்டம் நெரிந்தது. என் கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். கண்ணின் பாப்பாவை விரியவைத்து உள்ளே பார்ப்பதற்கான மருந்து அது. அதை விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது. வெளிச்சம் குத்தும், எழுத்து எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும்.

டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்தார். எத்தனை தடவை வந்தது என்று கேட்டார். ஒரு சீட்டில் தமிழில் எழுதினார். "போன் நம்பர் இருக்குதா?" என்று நர்ஸ் கேட்டது. எனக்கு ஏது போன்? வீட்டுக்காரர் போன் அவரோடு லாரியில் போய்விடும். "என் நம்பரப் போட்டுக்கங்க" என்றாள் துணைக்கு வந்திருந்த தேவகி. சீட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்று கேட்டேன். "இன்னாடி எழுதியிருக்குது? எனக்கு ஒண்ணும் தெரியல."

தேவகி சீட்டை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு படித்தாள். "வெந்நீர் ஒத்தடம் தினமும் நாலு வேளை. கட்டியப் பிதுக்கக் கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா. கண்கட்டிக்கு வேற இன்னா எழுதுவாங்க, கல்யாணப் பத்திரிகையா?"

சிரித்தோம். மறுநாள் சீட்டைக் கேட்டேன். பாத்தித் தண்ணீரில் விழுந்து நைந்துபோயிற்று என்றாள். சரி என்றேன்.

அதன் பிறகு உப்பை விட்டுவிட்டு வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம் கொடுத்தோம். கொடுத்தவள் அவள்தான். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. உப்பு விளைச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவை. வலி சுத்தமாகப் போய்விட்டது. வலி போனால் நோய் போனது என்றுதானே நினைப்போம்? கட்டி மட்டும் மஞ்சள் பாய்ந்து கெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஆனி மாதம் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் ஏழுமலை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஏம்மே, அந்தப் பக்கம் இமையில முடியக் காணோம்?"

கண்ணாடியில் பார்த்தேன். கட்டி இருந்த இடத்தில் ஒரு முடிகூட இல்லை. கோழி தின்ற கீரைப்பாத்தி மாதிரி வழித்துக் கிடந்தது.

பாண்டிக்குக் கூட வந்தவள் தேவகி. வீட்டுக்காரருக்கு லோடு இருந்தது. மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். "நான் கூட்டினு போறேன்ண்ணா" என்று அவளாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் அனுமந்தை தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தவள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. எனக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதிவு செய்கிற கவுண்டரில் ஒரு சின்னப் பெண். பெயர், ஊர் சொன்னதும் கம்ப்யூட்டரைப் பார்த்துப் புருவத்தை நெரித்தது.

"உங்க பேரு ஏற்கெனவே இருக்குதும்மா. கேம்ப்ல பாத்திருக்காங்க."

"ஆமாங்க, ஒத்தடம் குடுக்கச் சொன்னாங்க."

"ரெண்டு வாரத்துக்குள்ள இங்க வரச் சொல்லியிருக்காங்களே? நீங்க வரலன்னு ரெண்டு தடவ போன் வேற பண்ணியிருக்காங்க. 'ஊர்ல இல்ல, வந்ததும் அனுப்புறேன்'னு பதில் சொன்னதா எழுதியிருக்குது."

"எனக்குப் போனே கிடையாதும்மா."

"அப்ப இந்த நம்பர் யாருது? ஒரு ரிங் விடுறேன், பாருங்க."

என் பக்கத்தில், தேவகி கையில் வைத்திருந்த பையில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து அடித்து அதுவாக நின்றது. பெஞ்சில் இருந்த பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்க்கவில்லை. "டோக்கன வாங்கு" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவளிடம் பேசிய பேச்சு அதுதான்.

கூட இருந்தே குழி பறிக்கிறது என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வோம். மாமியாரை, பங்காளியை, கட்சிக்காரனை. அந்தப் பேச்சுக்கு இப்படி ஒரு எடை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. தலையில் சட்டி பாதி ஏறும்போது கையை விட்டதுபோல் இருந்தது.

டாக்டரம்மா வயதில் சின்னவர். பொறுமையாகச் சொன்னார். இமையின் விளிம்பில் எண்ணெய் சுரக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் வரிசையாக இருக்கின்றனவாம். அதில் அழுக்கு அடைத்துச் சீழ் கோத்தால் அது கண்கட்டி. வலிக்கும், சிவக்கும். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்து, தோல் தாங்கும் சூட்டில், பத்து நிமிஷம் ஒற்றினால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். சிலருக்கு வலி போய்க் கட்டி மட்டும் தங்கும். அதையும் சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம். ஆனால் கொஞ்சம் வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், மாதக்கணக்கில் கரையாமல் இருந்தால், இமை முடி கொட்டினால், அதைக் கண்கட்டி என்று விடக் கூடாது. சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும்.

"எல்லாக் கண்கட்டியும் இப்படி ஆகாதும்மா. ரொம்ப அபூர்வம். அதுக்காகத்தான் பாக்கணும்னு சொல்றோம்" என்றார்.

இமையில் ஊசி போட்டு மரத்துப்போகவைத்துச் சதை எடுத்தார்கள். ஊசி போடும்போதுதான் வலி, பிறகு யாரோ துணியைக் கத்தரிப்பதுபோல் சத்தம் மட்டும் கேட்டது. முடிவு வர ஒரு வாரம். அந்த வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். சோற்றில் உப்பு போட்டேனா இல்லையா என்பதுகூட நினைவில் இல்லை.

முடிவு கேட்கப் போனபோது வீட்டுக்காரரும் வந்தார். தேவகியும் வந்து கதவோரம் நின்றாள். எண்ணெய்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. காதுக்கு முன்னால், கழுத்தில் எல்லாம் தடவிப் பார்த்து, ஸ்கேனும் எடுத்திருந்தார்கள். வேறெங்கும் பரவவில்லை. கண்ணைக் காப்பாற்றிவிடலாம், இமையைத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "மாசியிலேயே வந்திருந்தா, மேடம்?"

அவர் என் இமையை இன்னொரு தடவை பார்த்தார். "சின்னதா இருந்திருக்கும். கொஞ்சமா எடுத்து, இழுத்துத் தச்சிருக்கலாம். இப்ப மேல் இமையில பாதிக்கு மேல எடுக்கணும்."

கதவோரம் பார்த்தேன். தேவகி அங்கே இல்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அவள் வீட்டு வாசலில் ஊர் கூடியிருக்கும். ஊர் கூடிப் பேச ஆரம்பித்துவிட்டால் என் கோபம் எனக்குச் சொந்தமாக இருக்காது, ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதை நான் யாருக்கும் கொடுக்கத் தயாராக இல்லை.

மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து வெட்டி, ஓரத்தில் நோய் மிச்சமில்லை என்று சோதித்துத் தெரிந்துகொண்டார்கள். பிறகு கீழ் இமையிலிருந்து சதையை மேலே இழுத்து, போன இமையின் இடத்தில் வைத்துத் தைத்தார்கள். அந்தச் சதை மேலே ஒட்டி ரத்தம் ஓடிப் பழகும்வரை, ஆறு வாரம், கண் மூடியே இருக்கும். அப்புறம் நடுவில் வெட்டித் திறப்பார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவில் பெரும்பகுதி அதில் போயிற்று. மீதிக்கு வீட்டுக்காரர் யாரிடம் கை நீட்டினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அது அவருடைய அன்பு.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விடமாட்டார்கள். துணைக்கு ஒரு பெண் வேண்டும். மகள் வர முடியாது. வந்தவள் தேவகி. நான் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று வீட்டுக்காரர் கேட்பாரே. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். பாத்ரூமுக்குக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். தலையை ஆட்டாமல் முடியை வாரிப் பின்னிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் இரும்பையிலிருந்து வந்த ஒரு அம்மாள், கண்ணில் பூ விழுந்து ஆபரேஷனுக்கு வந்திருந்தவர், "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா. குடுத்து வச்சவம்மா நீ" என்றார்.

"ஆமாங்க, நல்லாத்தான் குடுத்து வச்சேன்" என்றேன்.

தேவகி தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

மூன்று நாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினான்கு வருஷம் வாய் ஓயாமல் பேசியவர்களுக்கு அது சாதாரணமில்லை. நாலாம் நாள் மத்தியானம் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்து அவளே ஆரம்பித்தாள்.

"யக்கா, திட்டுக்கா. ரெண்டு அறகூட அறைஞ்சிடு."

"என் கை எதுக்கு வலிக்கணும்?"

அழுதாள். போனின் உறையைக் கழற்றினாள். உள்ளே நாலாக மடித்து அந்தச் சீட்டு இருந்தது. நனையவும் இல்லை, நையவும் இல்லை.

"கிழிச்சிப் போட மனசு வரலக்கா."

"குடுக்கவும் மனசு வரல."

வாங்கி ஒற்றைக் கண்ணால் படித்தேன். முதல் வரி, வேப்ப மரத்தடியில் அவள் படித்த அதே வரி. ஒரு எழுத்து மாறவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சத்தமாக, அவள் காதில் விழும்படி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கூட்டிக் கூட்டிப் படித்தேன். "ஒரே இடத்தில் திரும்ப வருவதால் சதைப் பரிசோதனை தேவை. இரண்டு வாரத்துக்குள் மருத்துவமனைக்கு வரவும்."

"ஏன்டி?" என்றேன்.

"நீ ஆஸ்பத்திரின்னு போயிட்டா எனக்கு ஜோடி யாருக்கா? பங்குனி, சித்திரயில வேல இல்லாம வூட்ல குந்தினா மழக்காலத்த எப்படித் தள்றது? கண்கட்டிதானே, ரெண்டு மாசம் தள்ளிப் போனா இன்னா ஆயிடும்னு நெனச்சேன். சத்தியமா அவ்ளோதான் நெனச்சேன்."

"போன் வந்துச்சே? ரெண்டு வாட்டி?"

"அப்பதான்க்கா பயம் வந்துச்சு. பயம் வந்த அப்பாலிக்கா எப்படிச் சொல்றது? மொதல்லயே ஏன் சொல்லலன்னு கேப்பியே."

அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. எதிரி செய்திருந்தால் சாபம் விட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். இவளோ மறைத்த சீட்டைப் போன் உறைக்குள் வைத்துக்கொண்டு, அதே கையால் எனக்கு ஒற்றடம் கொடுத்திருக்கிறாள். நாலு மாதம், தினமும் நாலு வேளை. முதல் வரியில் என்ன இருந்ததோ அதை ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

"உனக்கு வேல போயிடும்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா, மகளையாவது மூணு நாளைக்கு உனக்கு ஜோடியா அனுப்பியிருப்பேனேடி" என்றேன். அப்போது மகளுக்கு ஏழாம் மாதம். இருந்தும் சொன்னேன். அவளுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஆறு வாரம் ஒற்றைக் கண்ணோடு வீட்டில் இருந்தேன். தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் கொட்டும். படி இறங்கினால் கால் காற்றில் நிற்கும். வீட்டுக்காரர் லோடு முடிந்து வரும்போதெல்லாம் வாசற்படியில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார், எனக்குப் படி தெரிவதற்காக. மழையில் அழிந்தால் மறுபடி இழுப்பார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆவணிக் கடைசியில் இமையைப் பிரித்தார்கள். பார்வை பழுதில்லை. புது இமையில் முடி இல்லை, முழுசாக மூடவும் மூடாது, காற்றடித்தால் தண்ணீர் கொட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். கண் காயாமல் இருக்கத் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். உப்பு வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்கக் கூடாது.

தை பிறந்து அளம் திறந்தது. மேஸ்திரி நோட்டோடு வந்து நின்றார். "அஞ்சல, ஒன் ஜோடி யாரு? பழையபடி தேவகிதானே?"

பத்தடி தள்ளி தேவகி நின்றுகொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொன்னால் அவள் ஒற்றைச் செருப்பு. எந்தப் பயத்துக்காக என் கண்ணை அடகு வைத்தாளோ, அது இப்போது என் வாயில் இருந்தது. நாலு மாதம் மனசுக்குள் நான் ஒத்திகை பார்த்த இடமும் இதுதான்.

"நான் சொமக்கலங்க. டாக்டரம்மா வேணான்னுட்டாங்க. கொட்டாயில குந்திக்கினு மூட்ட தைக்கிறேன்" என்றேன். மூட்டை தைக்க ஜோடி தேவையில்லை. மேஸ்திரி தேவகியைத் திரும்பிப் பார்த்தார். "அவளுக்கு எங்க ஓரகத்தி மகளச் சேத்துக்கங்க. வேலைக்குக் கேட்டுக்கினு இருந்துச்சு. நல்ல பொண்ணு, கைய முன்னாடியே விட மாட்டா."

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள்.

மன்னித்துவிட்டாயா என்று மகள் கேட்கிறாள். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஆறின புண்ணுக்கும் தழும்பு உண்டு என்பார்கள். என் தழும்பு முகத்திலேயே இருக்கிறது, கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அவளும் அதில் நிற்கிறாள்.

மதியம் சொட்டு விடும் நேரத்தில் கொட்டகைக்குத் தேவகிதான் வருகிறாள். புது இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தால்தான் மருந்து உள்ளே போகும், எனக்கு நானே விட்டுக்கொள்ள வராது. குடத்துத் தண்ணீரில் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வருவாள். மருந்து பாட்டிலைச் சுற்றி, ஆஸ்பத்திரியில் தமிழில் எழுதிக் கொடுத்த சீட்டை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம். முதலில் சீட்டை உருவி என் கையில் கொடுக்கிறாள். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிக்கிறேன். தினமும் அதே நாலு வரிதான், எனக்கு மனப்பாடம். அவளுக்கும் மனப்பாடமாகியிருக்கும். படித்து முடிக்கும்வரை ஈரக் கையோடு நிற்கிறாள். அதற்கப்புறம்தான் அண்ணாந்து கண்ணைக் காட்டுகிறேன்.